கவிழ்த்து வைத்த பாட்டில்கள்

அத்தியாயம் 9

போன வாரம் என் பெண்டாட்டி ஹசிந்தாவின் தலையணையில் விழுந்த காரைக்கட்டி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அள்ளிப் போட யாருக்கும் கை வரவில்லை.

கட்டி விழுந்தபோது அவள் காப்பிக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போயிருந்தாள். அதனால் தலை தப்பியது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கூடத்தில் படுக்கிறோம். அவள் சோபாவில், நான் கீழே. எழுபதைத் தாண்டியவன் தரையில் படுத்தால், காலையில் எழுந்திருப்பதே ஒரு நாள் வேலை.

படுக்கையறையில் அண்ணாந்து பார்த்தால் தளத்துக் கம்பி தெரிகிறது. துருப்பிடித்து, பட்டினி கிடந்த நாயின் விலா மாதிரி.

இந்த வீட்டில் எது கெட்டுப்போகவில்லை என்று சொல்வதுதான் சுலபம். குளியலறைக் குழாயை இடுக்கி வைத்துத் திறக்க வேண்டும். தெருக்கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், தோளால் இடித்தால்தான் திறக்கும். முன்சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் தேர்தலுக்கு வந்த கட்சிக்காரன். பாதிச் சுவரில் சின்னத்தை எழுதிவிட்டு மீதியை விட்டுவிட்டுப் போனான். ஜெயித்தானா தோற்றானா தெரியாது, திரும்பி வரவில்லை.

மழைக்கு முன்னால் இதில் ஒன்றைத்தான் செய்ய முடியும். மேஸ்திரி சிரிலோவுக்கு இந்த ஒரு வாரம்தான் ஒழிவு. அதற்குப் பிறகு சோலூலாவில் பெரிய வேலை. போனால் மழை முடிந்துதான் வருவான்.

எதைச் செய்வது? அதில்தான் வீட்டில் இருக்கிற மூன்று பேரும் மூன்று திசை.

அன்று மே மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சிலுவைத் திருநாள். எங்கள் அட்லிஸ்கோ ஊரில் அன்றைக்கு ஒரு கொத்தனாரும் கரண்டியைத் தொடமாட்டான். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் உச்சியில் பூச்சுற்றிய சிலுவையை ஏற்றுவார்கள். வீட்டுக்காரன் கொத்தனாருக்கு விருந்து போடுவான். கட்டி முடித்த வீட்டுக்கு இந்தச் சடங்கு கிடையாது.

எங்கள் வீட்டில் கடைசியாகக் கொத்தனார் வேலை நடந்து வெகு காலம் ஆகிறது. ஆனாலும் ஹசிந்தா வருஷம் தவறாமல் சிலுவை ஏற்றுகிறாள். ஏனென்றால் மாடியில் கம்பி நிற்கிறது.

இந்தத் தெருவில் எல்லா வீட்டு மாடியிலும் அது நிற்கும். பிற்பாடு மேல்வீடு கட்டுவதற்காகத் தூண்களின் கம்பியை வெட்டாமல் ஆள் உயரத்துக்கு விட்டு வைப்பார்கள். நம்பிக்கைக் கம்பி என்று பேர். எங்கள் வீட்டுக் கம்பி மகன் ரொஹேலியோவுக்கு. அவன் வடக்கே நியூயார்க்கில் கட்டட வேலை செய்கிறான். வந்து மேலே வீடு கட்டிக் குடியேறுவான் என்று அம்மாக்காரியும் கம்பியும் காத்திருக்கிறார்கள்.

கம்பி துருப்பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சோடா பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். காற்றடித்தால் கிணுகிணுவென்று சத்தம் வரும். மொட்டைமாடி என்று பேர். ஆனால் தலையில் நாலு கொத்து முடி.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

“அம்மா, இந்த வருஷமாச்சும் குளியலறையைப் பாப்போம்” என்றாள் லுசேரோ. எங்கள் மகள். புருஷனை விட்டுவிட்டு வந்து எங்களோடு இருக்கிறாள். செடி வளர்த்து விற்கிற பண்ணையில் வேலை. எவ்வளவு கழுவினாலும் நகத்தில் மண் இருக்கும். “தொறக்க இடுக்கி, மூட இடுக்கி. நான் குளிக்கப் போறேனா பல்லு புடுங்கப் போறேனான்னு எனக்கே தெரியல.”

“குளியலறை எங்கயும் ஓடிப் போகாது” என்றாள் ஹசிந்தா. அம்மிக்கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். “டிசம்பர்ல உங்க அண்ணன் வர்றான். மேல ஒரு சுவராவது எழுப்பி வெக்கணும். வந்து பாத்தா சந்தோஷப்படுவான்.”

“எந்த டிசம்பர்?”

அம்மிக்கல் நிற்கவில்லை. கொஞ்சம் வேகமாக ஓடியது.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றேன். “தலைக்கு மேல ஓட்டையை வெச்சிக்கிட்டுக் குழாயாம், சுவராம். முதல்ல தளம். ஒழுகாம இருக்க அந்தச் செவப்புப் பெயின்ட்டை மாடியில இன்னொரு தடவை அடிப்போம்.”

“போன வருஷமும் அதைத்தான் அடிச்ச, கிழவா. அஞ்சு வருஷம் தாங்கும்னு வாளியில எழுதியிருக்குன்னு எழுத்துக்கூட்டி வாசிச்சியே.”

“வாளி தாங்குதும்மா” என்றாள் லுசேரோ.

போன மழையில் ஒழுகலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது அந்த வாளிதான். அம்மாவும் பெண்ணும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அவ்வளவுதான்.

ஹசிந்தாவுக்கு முழங்கால் சரியில்லை. ஆகவே சிலுவையைச் சுமந்துகொண்டு பின்பக்க இரும்பு ஏணியில் ஏறுவது வருஷா வருஷம் என் வேலை. எனக்கும் முழங்கால் சரியில்லை. அதை யாரும் கேட்பதில்லை.

மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் எரிமலை வழக்கம்போலப் புகைந்துகொண்டிருந்தது. மாடி முழுக்க அது கக்கிய சாம்பல். தண்ணீர் போகிற ஓட்டையைச் சாம்பல் அடைத்திருந்தது. காலாலேயே தள்ளினேன். சிலுவையைத் தெருப்பக்கத் தூணின் கம்பியோடு வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினேன். காகிதப்பூ உரசிக் கையில் சாயம் ஒட்டியது.

கம்பியின் அடியில் போன வருஷம் நான் அடித்த செவப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உடைந்தது. உள்ளே காப்பிக்கழுநீர் நிறத்தில் ஈரம். மழை பெய்து மாசக்கணக்காகிறது.

பெயின்ட் கடைக்காரனை அவன் அம்மாவோடு சேர்த்துத் திட்டிவிட்டு இறங்கினேன்.

மத்தியானம் சிரிலோ வந்தான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. இந்த வீட்டைக் கட்டியவன் அவன்தான். ரொஹேலியோவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவனும் அவன்தான். அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, ஹசிந்தா அவனுக்குக் கொம்மாத்ரே. பிள்ளையைப் பங்கு போட்டுக்கொண்ட உறவு.

அதற்காக அவனை நம்புகிறேன் என்று அர்த்தமில்லை. கொத்தனாரையும் வைத்தியனையும் நம்பினால் வீட்டிலும் உடம்பிலும் எந்நேரமும் ஒரு ஓட்டை இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மே மூன்றுக்கும் வருவான். ஹசிந்தாவின் மோலே குழம்பை ஒரு பிடி பிடிப்பான். கற்றாழைக் கள் குடிப்பான். “மேல வேலையை எப்ப ஆரம்பிப்போம் கொம்மாத்ரே?” என்பான். “ரொஹேலியோ வந்ததும்” என்பாள் அவள். முடிந்தது. இதற்கு ஒரு சிலுவை, ஒரு வான்கோழி.

இந்தத் தடவை உட்காருவதற்கு முன்னால் படுக்கையறையைப் பார்க்க வேண்டும் என்றான்.

துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியால் மேலே தட்டினான். சுவரோரத்தில் டொக் டொக் என்றது. கட்டிலுக்கு நேர்மேலே வந்ததும் சத்தம் மாறியது. காலி டப்பாவில் தட்டுகிற மாதிரி. தட்டிக்கொண்டே போனான். காலி டப்பா அறையின் பாதிவரை போயிற்று.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். காரைக்கட்டிக்குப் பக்கத்தில்.

“பெயின்ட் அடிக்காதீங்க, கொம்பாத்ரே.”

“ஏன், உனக்கு வேலை குறைஞ்சிடுமா?”

“அடிச்சாலும் நிக்காது. மழை தளத்து மேல நின்னு இறங்கல. கம்பி வழியா இறங்குது. கம்பி துருப்பிடிச்சா உப்பும். உப்பினா சிமென்ட்டைப் பொளக்கும். பொளந்த வழியா இன்னும் தண்ணி.”

“அதுக்குத்தானே பாட்டில் கவுத்து வெச்சிருக்கா?”

“பாட்டில் தலை நனையாம பாத்துக்குது. காலு நனையுதே.”

நான் கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் இன்னும் அந்தக் காப்பிக் கறை இருந்தது.

“ரெண்டே வழிதான்” என்றான். “ஒண்ணு, கம்பியை அடியோட வெட்டி, குடைஞ்சு எடுத்துட்டு மூடணும். இல்லன்னா கம்பியைச் சுத்தம் பண்ணி, தூணை மேல எழுப்பி மாடியைக் கட்டிடணும். சிமென்ட்டுக்குள்ள போயிட்டா கம்பி பாட்டுக்கு இருக்கும். இப்படி ரெண்டுங்கெட்டானா வெயில்லயும் மழையிலயும் நிக்க வெச்சா இதான். இந்த மழைக்குத் தளம் தாங்காது.”

“உனக்கு எப்பத் தெரியும் இது?”

“ரொம்ப வருஷமா.”

“வாயைத் தொறக்கறதுக்கு என்ன?”

“வருஷா வருஷம் வாயில மோலே இருந்துச்சு.” அவன் சிரிக்கவில்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். “நான் அவனுக்கு ஞானத்தகப்பன், மெலிதோன். அவன் கம்பியை வெட்டுங்கன்னு எந்த வாயால சொல்றது?”

அறை வாசலில் ஹசிந்தா நின்றிருந்தாள். கையில் கரண்டி. கரண்டி நுனியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

“எதை வெட்டணும்?”

இரண்டு ஆண்பிள்ளைகளும் தரையைப் பார்த்தோம்.

“கேக்கிறேன்ல, எதை வெட்டணும்?”

“கம்பியை” என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. “மேல நிக்கிறதுதான் கீழ நம்ம தலையில விழுது.”

“விழட்டும்.”

“விழட்டும்னு நீ சொல்லிடுவ. அள்றது யாரு?”

“கம்பியை வெட்டறதுன்னா அவனை வராதேன்னு சொல்றது. புரியுதா உனக்கு? வந்து ஏணியில ஏறிப் பாப்பான். மாடி வழிச்சு விட்ட மாதிரி இருக்கும். இவங்க நம்மள செத்தவன் கணக்குல வெச்சிட்டாங்கன்னு நெனப்பான்.”

“வந்தால்ல ஏறுறதுக்கு.”

சொன்ன பிறகுதான் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவள் என்னை அடிக்கவில்லை, கரண்டி கையில் இருந்தும். திரும்பிப் போய்விட்டாள். “சாப்பிட வாங்க, மேஸ்திரி” என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. கொம்மாத்ரேயின் குரல் இல்லை அது. ஓட்டல்காரியின் குரல்.

சாப்பிட உட்கார்ந்தோம். சோளரொட்டி கை மாறியது. வெங்காயம் கை மாறியது. மோலேயில் காரம் அதிகம். கோபம் வந்தால் அவளுக்கு மிளகாயில் கை நீளும். சிரிலோவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. துடைத்துக்கொண்டே தின்றான்.

அப்போதுதான் போன் அடித்தது.

ரொஹேலியோ இந்த நாளில் தவறாமல் பேசுவான். அவனும் கொத்தனார் சாதிதானே. லுசேரோ போனை உப்புக்கிண்ணத்தில் சாய்த்து வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டுவிட்டாள்.

“அம்மா! சிலுவை ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சு ராஜா. உன் ஞானத்தகப்பன் இங்கதான் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு.” ஹசிந்தாவின் முகம் விரிந்துவிட்டது. நிமிஷத்துக்கு முன்னால் இருந்த ஓட்டல்காரியைக் காணோம். “நீ சாப்பிட்டியா? குளிர் விட்டுச்சா அங்க?”

“விட்டுச்சும்மா. நல்ல வெயில்.”

டக். டக் டக். போனுக்குள்ளிருந்து சத்தம். ஆணி அடிக்கிற சத்தம். நான் படிக்காதவன்தான், காது கேட்கும்.

“ஞாயித்துக்கிழமையும் வேலையாடா?” என்றேன்.

“இல்லப்பா. வேலை இல்ல. வீட்ல இருக்கேன்.”

“வீட்ல யாரு தட்டறது?”

“அது… கூரைப்பா. பழசைப் பிரிச்சுட்டுப் புதுசு போடறோம். கூட்டாளிங்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. நானும் மேலதான் நிக்கிறேன்.”

“எந்த வீட்டுக் கூரை?”

“இங்கதான்ப்பா. இருக்கிற வீட்டுது.”

ஹசிந்தா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

“வாடகை வீட்டுக்கு எவன்டா தன் கைக்காசைப் போட்டுக் கூரை மாத்துவான்?” என்றேன்.

டக் டக் நின்றுவிட்டது. அங்கே யாரோ இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். பொம்பளைக் குரல்.

“ரொஹேலியோ” என்றாள் ஹசிந்தா.

“அம்மா, சிக்னல் சரியில்ல…”

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

“ஒழுகுச்சா கூரை?” என்று கேட்டாள்.

“…ஆமாம்மா. ரொம்ப.”

“எந்த இடத்துல?”

“படுக்கிற ரூம்ல.”

அவள் போனை நோக்கிக் குனிந்தாள்.

“நல்லாப் போடு. மழைக்கு முன்னாடி முடிச்சிரு. அரைகுறையா விட்டுடாதே” என்றாள். “தலையில விழும்.”

பிறகு, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். லுசேரோ எடுத்து அணைத்தாள்.

ஹசிந்தா எழுந்தாள். சிரிலோவின் தட்டில் இன்னொரு துண்டு வான்கோழி வைத்து, அதன்மேல் ஒரு கரண்டி மோலே ஊற்றினாள். வயிறு நிறைந்தவன்தான். மறுக்காமல் தின்றான், அபராதம் கட்டுகிற மாதிரி.

பிறகு அவள் பாத்திரம் கழுவுகிற பெரிய தொட்டிச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். இரும்பு ஏணி கிறீச்சிட்டது.

“அம்மா ஏணியில ஏறுது!” என்று லுசேரோ ஓடினாள். நான் பின்னால் போனேன். அன்றைக்கு இரண்டாவது தடவை அந்த ஏணி.

மேலே ஹசிந்தா பாட்டில்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக உருவி, சாம்பலை ஊதி, சட்டியில் படுக்க வைத்தாள். எட்டாத கம்பிகளை ஒரு கையால் வளைத்துப் பிடித்து உருவினாள். துரு உள்ளங்கையில் ஒட்டி, மருதாணி வைத்த கை மாதிரி இருந்தது. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. கிணுகிணுப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது.

“விடு கிழவி. நான் எடுக்கிறேன்.”

“நான் வெச்சது. நானே எடுக்கிறேன்.” நின்று மூச்சு வாங்கினாள். “கீழ போயி சிரிலோகிட்ட சொல்லு. காலையில வெட்டற மெஷினைக் கொண்டுவரட்டும்.”

மத்தியானத்திலிருந்து நான் கேட்டது அதைத்தான். கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு கால் நகரவில்லை.

ஹசிந்தா மகளைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

லுசேரோ நகத்தின் மண்ணைக் கிள்ளினாள். “தெரியும். வீடு வாங்கினப்பவே படம் அனுப்பினான். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாதேன்னான்.”

“என்கிட்ட சொல்லணும்னு தோணலையாடி உனக்கு? வருஷா வருஷம் சிலுவைக்குக் காகிதப்பூ ஒட்டிக் குடுத்தியே?”

“நீ எப்பயும் அவனைப் பத்திக் கேப்ப. என்னை என்னிக்காவது ஏதாவது கேட்டிருக்கியா?”

தெற்கே மலைமேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வருஷத்தின் முதல் மழைமேகம். ரேடியோக்காரன் இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றான். அவன் பேச்சை எவன் நம்பினான்?

மற்ற மூன்று தூண்களும் காலி. தெருப்பக்கத் தூணில் மட்டும் சிலுவை, அதைச் சுற்றி வெறும் கம்பிகள். கடைசிப் பாட்டில் ஹசிந்தாவின் கையில் இருந்தது. நான் ஏணியின் பக்கம் திரும்பினேன்.

“அப்பா, சொல்லாதீங்க” என்றாள் லுசேரோ.

சட்டியில் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். சட்டை நுனியால் துடைத்தாள். தெருப்பக்கத் தூணின் கம்பியில் கவிழ்த்தாள். கிணுக் என்றது.

“என்னடி பண்ற?” என்றேன்.

“மேஸ்திரி ரெண்டு வழி சொன்னாரு. நானும் அடுப்படியிலிருந்து கேட்டேன். நீங்க ஒண்ணைப் பத்தித்தான் சண்டை போடறீங்க.”

“மாடியைக் கட்டறதா? யாருக்கு?”

“எனக்கு.”

ஹசிந்தா மகள் பக்கம் திரும்பினாள்.

“எனக்கும்மா. கீழ இருக்கிறவ நான்தானே? ஒழுகற ராத்திரியெல்லாம் வாளி மாத்தறவ நான்தானே? வேலை நடக்கிற வீடுன்னு சொல்லி வருஷா வருஷம் சிலுவை ஏத்திச் சாமியை ஏமாத்தறோம். ஒரு தடவை வேலையை நடத்திடுவோம். கம்பி என்ன பேரு பாத்தா நிக்குது?”

“குளியலறைக் குழாய் வேணும்னு காலையில குதிச்சியே?” என்றேன்.

“மாடி கேட்டா யாரு குடுத்திருப்பீங்க? அதான் குழாய் கேட்டேன்.”

ஏணியில் சிரிலோவின் தலை தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் படியிலேயே நின்றான்.

“மேஸ்திரி” என்றாள் லுசேரோ அவனைப் பார்க்காமலே. “ரெண்டு ரூம் போதும். மழைக்கு முன்னாடி தூணையாவது ஏத்திடலாமா?”

“தூண் ஏத்தலாம்” என்றான் அவன் மெதுவாக. “கம்பி சிமென்ட்டுக்குள்ள போயிடும். அதுக்கு மேல மழைக்கு அப்புறம்.”

எனக்கு வேறொன்று இடித்தது. ஒண்டிக்கட்டைக்கு ஒரு அறை போதும்.

“உனக்கு எதுக்குடி ரெண்டு ரூம்?”

தெருவைப் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது. குனிந்து இன்னொரு பாட்டிலை எடுத்துப் பக்கத்துக் கம்பியில் கவிழ்த்தாள். இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ஹசிந்தா என்னைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தன் கையிலிருந்த கடைசிப் பாட்டிலை அவள் சட்டியிலும் போடவில்லை, மகளிடமும் நீட்டவில்லை. துருப்பிடித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.